மூன்றாம் மாடிக்கு நான் வரவில்லை

நாங்கள் வீடு மாறப்போகிற விஷயத்தை என் கணவர் எனக்குச் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்க வருகிற பாப்பாதான் சொன்னாள்.

2003-ஆம் வருஷம், மே மாதம், அக்கினி நட்சத்திரம் தொடங்கி இரண்டாம் நாள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் அணுபுரத்துக்குக் கடல் காற்று எட்டிப் பார்க்கும். அதுவரை புழுங்கித் தொலைத்துவிட்டு, காற்று வந்ததும் புடலைப் பந்தலுக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் நாவல், நூற்று நாற்பதாம் பக்கம். ரயிலை விட்டு இறங்குவதா வேண்டாமா என்று கதாநாயகி குழம்பிக்கொண்டிருந்த நேரத்தில் பாப்பா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, வூடு மாத்துறியாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா!"

"யாரு சொன்னா?"

"ஆபீசர் வூட்டுல பேசிக்கினு இருந்தாங்க. உன் வூட்டுக்காரருக்குப் பெரிய வூடு வந்துட்டுதாம். மூணாவது மாடியாம். அப்ப இந்தச் செடிக்கெல்லாம் இனிமே யாரு தண்ணி ஊத்தறது?"

நான் புத்தகத்தை மூடினேன். எந்தப் பக்கம் என்று அடையாளம்கூட வைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்கு இரண்டு காதும் சேர்ந்து சூடாயின.

கம்பெனி கட்டிக்கொடுத்த எங்கள் குடியிருப்பைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். இங்கே ஒருவரைப் பார்த்தால் ஊர் பேர் கேட்கமாட்டார்கள். "எந்த டைப்?" என்பார்கள். டைப் த்ரீ என்றால் இரண்டு அறை, தரை வீடு, மேலே ஒரு குடும்பம். டைப் ஃபோர் என்றால் மூன்று அறை, அடுக்குமாடி, பால்கனி. பதவி உயர்ந்தால் டைப் உயரும். கிளப்பில் நடக்கிற விழாவில் டைப் ஃபோர் பெண்கள் ஒரு வரிசையில் உட்கார்வார்கள், நாங்கள் அதற்குப் பின்னால். யாரும் அப்படி உட்காரச் சொல்வதில்லை. கால் தானாகவே போய்விடும். நல்ல கூத்து இது.

என் கணவர் சதாசிவத்துக்கு அந்த வருஷம் ஜனவரியில் பதவி உயர்வு வந்தது. வந்த கையோடு வீட்டுக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டிருக்கிறார். நாலு மாதமாக ராத்திரி என்னோடு உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டே வாயைத் திறக்கவில்லை மனுஷர்.

அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர் கையில் ஸ்வீட் டப்பா இருந்தது.

"சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். "ஆர்டர் வந்துடுச்சு லோகா. டைப் ஃபோர்!"

"எனக்குத் தெரியும்" என்றேன். "பாப்பா சொன்னா."

முகம் சுருங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. நான் விடவில்லை. "என்னைக் கேட்டீங்களா?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? யாராவது வேணாம்பாங்களா?"

"நான் வேணாங்கறேன். என் தோட்டத்தை விட்டுட்டு நான் வரமாட்டேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "அட, இதானா விஷயம்! பால்கனி இருக்கே, நாலு தொட்டி வெச்சுக்கோ. நீ சும்மாதானே இருக்கே. கீழ உக்காந்து கதைப் புஸ்தகம் படிச்சா என்ன, மேல உக்காந்து படிச்சா என்ன?"

சும்மா இருக்கிறேனாம், நாலு தொட்டி போதுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் என்ன இருந்தது தெரியுமா? கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும்தான். கடப்பாரையைப் போட்டால் டங்கென்று சத்தம் வரும். ஒரு கோடை முழுக்க அதைப் பொறுக்கி வெளியே போட்டேன். பாப்பாவின் ஊர் ஏரி வற்றியபோது வண்டல் மண்ணைச் சாக்கில் கட்டி மாட்டு வண்டியில் வரவழைத்தேன். முதல் வருஷம் வெண்டை வந்தது, கத்தரி புழுத்தது. இரண்டாம் வருஷம் முருங்கை நட்டேன். இப்படி எட்டு வருஷம். அந்த வருஷம் மழை கிடையாது. காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணிதான் குழாயில் தண்ணீர். தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது என்று நோட்டீஸ் வேறு. சரி என்றேன். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு, துணி அலசிய தண்ணீர் செம்பருத்திக்கு, குளிக்கிற தண்ணீர் வாழைக்கு. என் மகள் சுஷ்மிதா ஒன்பது வயசுக்காரி, கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில் அகலமான அன்னக்கூடைப் பாத்திரத்தில் நின்றுதான் குளிப்பாள். அந்த வெயிலில் ஒரு செடியைக்கூட நான் சாகவிடவில்லை.

படிப்பும் அப்படித்தான். கிளப் நூலகம் செவ்வாயும் வெள்ளியும் திறக்கும், இரண்டு கார்டுக்கு இரண்டு புத்தகம். அது போதாமல், வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து நானே ஊசி நூல் போட்டுத் தைத்து வைத்திருப்பேன். பக்கத்தின் பின்புறம் சோப்பு விளம்பரமும் பாதி ஜோக்கும் இருக்கும். ஒரு தொடரில் பதினேழாம் வாரத்தைக் காணோம், சுஷ்மிதா கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டாள். அந்த வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று நானே யோசித்து எழுதி நடுவில் சொருகினேன். எழுதினவர் பார்த்தால் சண்டைக்கு வருவார், வரட்டும்.

காலையில் ஏழேகாலுக்கு பஸ் ஏறி ஆறு மணிக்குத் திரும்புகிறவருக்கு வீடு என்றால் தூங்குகிற இடம். நான்தான் அங்கே நாள் முழுக்க வாழ்கிறேன். இதை அவரிடம் சொன்னேன். மனுஷர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாடி வீட்டு ஞானம்பாள் அக்கா துணி காயப்போட வந்தபோது விஷயத்தைக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு எனக்கு யோசனை சொன்னார்.

"இவ்வளவு எதுக்கும்மா போராடறே? முட்டி வலின்னு சொல்லிடு. மூணு மாடி ஏறமுடியாதுன்னு ஒரு டாக்டர் சீட்டு வாங்கிட்டா முடிஞ்சுது. நான் அப்படித்தான் எங்க நாத்தனார் ஊருக்குப் போகாம இருக்கேன்."

"எனக்கு முட்டி வலி இல்லக்கா."

"எனக்கு மட்டும் இருக்கா என்ன?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பொய்யை நான் சொல்வதாக இல்லை. முட்டி வலித்தால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். மகள் பள்ளிக்கூடம் தூரம் என்றால் ஒத்துக்கொள்வார்கள். எனக்கு வேண்டும், எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு பொம்பளை சொன்னால் மட்டும் அது காரணமில்லையா? ஏன், எனக்குப் பிடித்தது என்ன பாவம் செய்தது?

மூன்றாம் நாள் வத்சலா என்று ஒரு பெண் வீடு பார்க்க வந்தாள். இந்த வீடு காலியானால் தங்களுக்குக் கிடைக்கலாமாம். மரியாதையான பெண், செருப்பை வாசலிலேயே விட்டாள். கொல்லைக்கு வந்து சுற்றிப் பார்த்தாள்.

"அருமையா வெச்சிருக்கீங்க அக்கா" என்றவள், கையாலேயே அகலம் அளந்து, "இதையெல்லாம் எடுத்துட்டு சிமெண்ட் போட்டா கார் நிக்குமில்ல?" என்று கேட்டாள்.

அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். அவள் மேல் என்ன தப்பு?

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது மறுபடி சொன்னேன், நான் வரவில்லை என்று. சதாசிவம் எழுந்துபோய் அலுவலகப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து என் முன்னால் போட்டார். குடியிருப்பு விதிமுறைகள், இங்கிலீஷில், அறுபத்து நாலு பக்கம்.

"பதினோராம் விதியைப் படி. ஆர்டர் வந்து பத்து நாளுக்குள்ள போயாகணும். இது உன் இஷ்டம் என் இஷ்டம் இல்ல, ரூலு. எப்பப் பாரு கதை படிக்கறியே, இதையும் ஒரு தடவை படி."

அவர் செய்த தப்பு அதுதான். அவர் எதிலும் வேண்டிய பக்கத்தை மட்டும் படிக்கிற ரகம். பேப்பரில் விளையாட்டுப் பக்கம், கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம். என்னிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் அட்டையிலிருந்து அட்டை வரை படிக்காமல் கீழே வைக்கமாட்டேன் என்பது பதினோரு வருஷம் ஆகியும் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு மத்தியானமும் பந்தலுக்குக் கீழே அதைத்தான் படித்தேன். கதை என்று பார்த்தால் சுமார்தான். பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டேன். பதினோராம் விதி அவர் சொன்னபடியேதான் இருந்தது. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், பிற்சேர்க்கை. பத்தாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் பழைய வீட்டை ஆளும் பொருளும் இல்லாமல் காலியாக ஒப்படைக்கவேண்டும். ஒப்படைக்காவிட்டால் புது வீட்டு ஆர்டர் தானாகவே ரத்து. அதன்பின் இரண்டு வருஷத்துக்கு விண்ணப்பம் போட முடியாது, வைத்தியக் காரணம் இருந்தால் ஒழிய.

நான் ஒளித்து எதுவும் செய்யவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோதே, "கடைசிப் பக்கத்தையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாத ரூலா?" என்று பையில் போட்டுக்கொண்டார்.

பத்தாம் நாள் அவர் லீவு போட்டார். காலையிலேயே டெம்போவும் இரண்டு ஆளும் வந்துவிட்டார்கள். நான் இட்லி அவித்து எல்லாருக்கும் கொடுத்தேன். பிறகு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாதியில் விட்ட அந்த ரயில் நாவலை எடுத்தேன்.

"சாமான் கட்ட வரலையா?" என்றார்.

"நான் எங்கயும் போகலையே."

அவருக்கு இன்னும் அது வெறும் பேச்சு என்றுதான் நினைப்பு. பீரோ போயிற்று. கட்டில், கிரைண்டர், டிவி எல்லாம் போயிற்று. சுஷ்மிதா ஒவ்வொரு முறையும் டெம்போவில் முன்னால் ஏறி உட்கார்ந்து போய்வந்தாள். புது வீட்டில் அவளுக்குத் தனி அறை என்று அப்பா சொல்லியிருந்தார். மூன்றாவது நடையில் ஓடிவந்து, "அம்மா, என் ரூம்லேந்து மலை தெரியுது, வா!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பொய் சொல்வானேன், அந்த ஒரு நிமிஷம் எழுந்துவிடலாமா என்று இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணிக்கு ஆள் ஒருவர் வந்து தயங்கி நின்றார். "எக்கா, அந்தச் சேரு..."

எழுந்து கொடுத்துவிட்டேன். வாழைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மண் சில்லென்று இருந்தது.

மூன்று மணிக்கு வீடு காலி. சதாசிவம் எதிரே வந்து நின்றார். சட்டையெல்லாம் வியர்வை.

"எழுந்திரு லோகா. எல்லாரும் பாக்கறாங்க."

மாடியில் ஞானம்பாள் அக்கா அதே ஒரு புடவையை நாலாம் தடவையாக உதறிக்கொண்டிருந்தார். "பாக்கட்டும்" என்றேன்.

"விளையாடறியா?"

"பத்து நாளா சொல்லிட்டிருக்கேன். நீங்கதான் விளையாட்டுன்னு நெனச்சீங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற ரகம் இல்லை அவர். அதனால்தான் பதினோரு வருஷமாகக் குடித்தனம் நடக்கிறது. வாசலுக்குப் போவார், திரும்பி வருவார். நான் பக்கத்தைப் புரட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நாலு மணிக்கு மேற்பார்வையாளர் லட்சுமணன் அட்டையும் பேனாவுமாக வந்தார். வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வது அவர் வேலை. ஃபேன் நாலு, டியூப் லைட் ஆறு, குழாய் ஏழு என்று எண்ணி டிக் அடித்துக்கொண்டே கொல்லைக்கு வந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"இன்னா மேடம் இங்க உக்காந்துகினு கீறீங்க? நீங்க வெளிய வந்தாத்தான் நான் காலின்னு எழுத முடியும்."

"வெளியதானே சார் உக்காந்திருக்கேன்."

"அய்ய, காம்பவுண்டுக்குள்ள கீறீங்களே! ஆள் இருந்தா காலி வூடுன்னு எப்படி எழுதறது?"

"அப்ப எழுதாதீங்க. கடைசிப் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

லட்சுமணன் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, நின்றபடியே, கடைசிப் பக்கத்தை முதல் தடவையாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு மதில் ஓரம் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை நாளா தெரிஞ்சு வெச்சிருந்தியா?"

"பாருங்கன்னு சொன்னேனே."

"நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன் லோகா? நல்ல வீடு. உனக்கும் சேத்துதானே கேட்டேன்?" குரல் உடைந்திருந்தது.

"என்கிட்ட கேக்கலியே" என்றேன். "நல்லதுதான் பண்றீங்க. ஆனா என்னை ஒரு ஆளாவே சேக்காம பண்றீங்க. பீரோ மாதிரி என்னையும் தூக்கிட்டுப் போய் வெச்சுடலாம்னு நெனச்சீங்க. எனக்கு இந்த எடம் வேணும். இங்க செடி வளக்கறதும் படிக்கறதும் எனக்குப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்றதுக்கு எனக்கு நோய் வரணுமா?"

லட்சுமணன் முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வீட்டில் மனைவி இருப்பாள்.

ஐந்து அடித்தது. ஐந்தே காலும் ஆயிற்று. டெம்போக்காரர், "சார், சாமானைத் திருப்பிக் கொண்டாரதா, இன்னா சொல்றீங்க?" என்று கேட்டதும் சுஷ்மிதா ஓவென்று அழ ஆரம்பித்தாள். நான் அவளை மடியில் இழுத்துக்கொண்டேன்.

"பெட்ரூமை நீ வெச்சுக்கோடி. நானும் அப்பாவும் ஹால்ல படுத்துக்கறோம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள், "அப்பாவைக் கேட்டியா?"

சுருக்கென்றது. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். அவர் எதிரில் போய் நின்று, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன்.

சட்டைக் கையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஹால்ல ஃபேன் நல்லாத்தான் சுத்துது" என்றார். பிறகு டெம்போக்காரரிடம், "கொண்டுவந்துடுங்க" என்று சொன்னார்.

லட்சுமணன் வேறொரு படிவத்தை எடுத்தார். புது வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று காரணம் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். என் கணவர் பக்கமாகச் சாய்ந்து, "சார், மெடிக்கலுன்னு போட்டுடுங்க. மேடத்துக்கு முட்டி வலின்னு. அப்ப ரெண்டு வருசத் தடை கெடயாது, அடுத்த மாசமே திரும்பப் போடலாம். ஒரு சீட்டு குடுத்தா போதும், யாரும் கேக்கப் போறதில்ல" என்றார்.

சதாசிவம் பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதப் போனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். படிவம் அவருடையது, கையெழுத்தும் அவருடையது. முட்டி வலி என்று எழுதினால் நான் தோற்றேன், மூன்றாம் மாடி தப்பினாலும் தோற்றதுதான். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

மதில்மேல் காகிதத்தை வைத்து மெதுவாக எழுதினார். லட்சுமணன் எட்டிப் பார்த்து, "இன்னா சார் இது?" என்றார். நானும் பார்த்தேன். மனைவிக்கு விருப்பமில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி.

"இது போதுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தோட்டத்தையும் எழுதுங்க" என்றேன்.

"எல்லாச் செடியுமா?"

கிண்டலாக என்று நினைத்து நிமிர்ந்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார். ஆமாம் என்றேன். வாழை என்று எழுதினார். முருங்கை என்று எழுதினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே போனார், ஒன்றுக்கும் பேர் தெரியவில்லை. எட்டு வருஷம்.

"சொல்லு" என்றார்.

நான் பந்தலிலிருந்து ஆரம்பித்தேன். காகிதத்தில் இடம் போதாமல் பின்பக்கம் திருப்பி எழுதினார்.